மருதனார்மடத்துத் திண்ணையும் அந்நிய விருந்தினரும்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்லும் பெருவீதியில், இணுவிலுக்கும் சுன்னாகத்துக்கும் இடையே மருதனார்மடம் அமைந்துள்ளது. வழிப்போக்கர் இளைப்பாறுதற்கென அறச்சிந்தையுடையோர் அமைத்த இடமே மடம். ஆகவே ஊரின் பெயரிலேயே விருந்தோம்பல் குடிகொண்டிருக்கிறது. எனினும், வந்தவரை வரவேற்பது வேறு. அவரை எங்கே இருத்துவது என்பது வேறு. பழைய யாழ்ப்பாணம் இவ்விரண்டையும் ஒன்றென எண்ணியதில்லை.

படலையைத் திறந்து வருபவர் காலணியைக் கழற்றி, செம்பு நீராற் கால் கழுவித் திண்ணையில் அமர்வார். வெற்றிலைத் தட்டம் அவர்முன் வைக்கப்படும். கொடுப்பதும் வாங்குவதும் வலக்கையால். குடிநீரைச் செம்பு உதட்டிற் படாமல் அண்ணாந்து பருகவேண்டும். இதனை முதன்முறை முயன்ற வெள்ளையர் பலர் சட்டையை நனைத்துக்கொண்டிருப்பர் என ஊகிக்கலாம். அடுக்களையோ அயலார் நுழையும் இடமன்று.

1816ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனரிமார் வந்து தெல்லிப்பழையிலும் பின்னர் வட்டுக்கோட்டை, உடுவில் முதலிய இடங்களிலும் தங்கியபோது இம்முறைகளின் இறுக்கம் வெளிப்பட்டது. அவர்களிடம் கல்வி கற்கப் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர், மிசன் வளவிற் சமைத்த சோற்றை உண்ண இசையவில்லை. வட்டுக்கோட்டையில் இதற்கென அயலிலிருந்த சைவர் ஒருவரின் காணியிற் சமையற்கொட்டில் அமைக்க நேர்ந்தது. கல்வி அந்நியருடையது, அடுப்பு ஊராருடையது! விருந்தினராய் வந்தவரே ஊரின் முறைக்கு இணங்க வேண்டியிருந்தது.

இதனைப் பண்பாட்டுறுதி என்று மட்டும் போற்றுதல் பொருந்தாது. அந்நியருக்குத் திண்ணையில் நாற்காலி இட்ட அதே வீட்டில், தலைமுறை தலைமுறையாக அவ்வயலை உழுதவருக்குத் திண்ணையும் இல்லை, கிணற்று நீரும் இல்லை. கடல் கடந்து வந்தவரினும் வேலிக்கு அப்பால் வாழ்ந்தவரே தொலைவில் வைக்கப்பட்டார். உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமாசனம் வழங்க 1929ஆம் ஆண்டையொட்டி அரசு முற்பட்டபோது கடும் எதிர்ப்பு மூண்டது. பாடசாலைகள் சில தீக்கிரையாயின.

மருதனார்மடத்திலேயே இருவேறு காட்சிகளைக் காணலாம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் அங்கே பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவினார். அவருடைய துணைவியார் லீலாவதி அம்மையார் ஆஸ்திரேலியாவிற் பிறந்தவர், சைவத்தைத் தழுவியவர். 1930இல் கணவர் மறைந்தபின் கல்லூரிப் பொறுப்பைத் தாங்கிச் சைவப் பெண்களுக்குச் சைவ ஒழுக்கம் போதிக்கும் நிலையத்தை நடத்தினார். விருந்தினராய் வந்தவர் வீட்டுக்காரராகவே ஆகிவிட்டார்.

1939இல் அவ்வூரிலே கிறிஸ்த சேவ ஆச்சிரமம் தோன்றியது. நாற்காலியும் மேசையும் கொண்டுவந்த மிசனரிமாரின் வழிவந்த கிறிஸ்தவர், இந்திய ஆச்சிரம முறையைத் தழுவி, வெறுங்காலுடன் தரையில் அமரும் வழக்கத்துக்குத் திரும்பினர். அங்கே சென்ற மேல்நாட்டாரும் வாயிலிற் சப்பாத்தைக் கழற்றினர். ஆனால் பந்தியில் ஒரு மாற்றம் இருந்தது: அருகில் இருப்பவர் எக்குலத்தவர் என்று எவரும் கேட்கவில்லை.