வைகையின் வடகரையில் வணிகப் படிப்பு

கோரிப்பாளையத்திலிருந்து ஏ.வி. பாலத்தைக் கடந்தால் சிம்மக்கல். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் கீழமாசி வீதியின் மொத்தக் கடைகள். ஆற்றுக்குத் தெற்கே தலைமுறை தலைமுறையாக வணிகம் செய்யும் குடும்பங்கள். வடக்கே அதே வணிகத்தைக் கல்லூரியில் பாடமாகப் படிக்கும் பிள்ளைகள். இத்தனை கடைகள் உள்ள ஊரில் இதற்கென்று மூன்று வருடப் பட்டம் எதற்கு என்று கேட்பவர்கள் மதுரையில் எப்போதும் உண்டு. பி.பி.ஏ. பாடத்திட்டத்தைப் புரட்டினால் கேள்வி நியாயமாகவே படும். கணக்குப்பதிவு, ஒப்பந்தச் சட்டம், நிதி, சந்தை, ஆட்களை நடத்தும் முறை என்று அதில் வரும் பலவற்றையும் கல்லூரி வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தப் பக்கத்து வணிகர்கள் பிள்ளைகளுக்குப் பழக்கியிருந்தார்கள். பழைய பயிற்சி குறைபட்டதால் பட்டப்படிப்பு வரவில்லை, அந்தப் பயிற்சிக்குள் நுழைய முடியாதவர்களுக்காகவே வந்தது என்பது என் எண்ணம்.

பழைய பயிற்சியின் தரத்துக்கு நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வட்டிக்கடைகளே சான்று. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை மனப்பாடம் செய்த பையன் மாகாணி, அரைக்கால், முந்திரி வரை வாயாலேயே கணக்குப் போடுவான். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. பிறகு பெட்டியடிப் பையனாகக் கொண்டுவிற்கும் கடைக்குப் போவான். பர்மாவிலோ மலாயாவிலோ ஒரு கிட்டங்கியில் பணப்பெட்டிக்குப் பக்கத்தில் அவனுக்கு இடம். எடுபிடி வேலையோடு, அன்றைய வரவு செலவைக் குறிப்பில் எழுதவும், அதைப் பேரேட்டில் ஆள்வாரியாகப் பெயர்க்கவும், ஐந்தொகை எடுத்து இருபக்கமும் நேர்செய்யவும் பழகுவான். அடுத்தாளாக உயர்ந்தால் கடன் கேட்டு வருபவனின் நிலம், நாணயம், பேச்சு மூன்றையும் எடைபோடத் தெரிய வேண்டும். அதற்கும் மேலே போனால் முதலாளியின் பெயரில் கையெழுத்திடும் அதிகாரத்தோடு கடையையே நடத்தும் ஏஜெண்டு. ரங்கூனில் நடப்பு வட்டியைச் செட்டியார்கள் கூடிப் பேசி நிர்ணயித்தார்கள். அதை வைத்துக் கடைகளுக்குள் கொடுக்கல் வாங்கல் நடந்தது. இன்றைய வகுப்பில் நிதி மேலாண்மை, கடன் மதிப்பீடு, பணியாளர் பதவி உயர்வு என்று தனித்தனித் தாள்களாகப் பிரித்துச் சொல்வதை அங்கே ஒரே பையன் ஒரே இடத்தில் கற்றான்.

இந்த முறையை ஆங்கிலேய அரசும் அறிந்திருந்தது. பி.பி.ஏ. மாணவர்கள் படிக்கும் 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், இந்திய மொழிகளில் எழுதப்படும் உண்டியல் போன்ற ஆவணங்களில் உள்ளூர் வழக்கத்தைத் தொடுவதில்லை என்று தன் முதற்பிரிவிலேயே சொல்லிவிடுகிறது. அதே 1881இல்தான் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் வார்ட்டன் வணிகப் பள்ளி தொடங்கியது. பசுமலையில் அமெரிக்கன் மிஷனும் ஒரு கல்லூரியைத் தொடங்கியது. பின்னாளில் ஆற்றைத் தாண்டி கோரிப்பாளையத்துக்குக் குடிபெயர்ந்த அமெரிக்கன் கல்லூரி அதுதான். அன்றைய கலைக்கல்லூரியில் வணிகத்துக்கு இடமில்லை; அது கடையில் கற்கும் விஷயம் என்றே இரு கரையிலும் இருந்தவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

மாற்றத்தைக் கருமுத்து தியாகராசச் செட்டியாரின் செயல்களில் பார்க்கலாம். நகரத்தார் குடும்பத்தில் பிறந்தவர், ஆலை அதிபர். 1943இல் பாங்க் ஆஃப் மதுராவைத் தொடங்கினார். 1949இல் தியாகராசர் கல்லூரி வந்தது. 1962இல் அவர் பெயரிலேயே மேலாண்மைப் பள்ளி. பழைய பயிற்சியின் அருமையை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பல ஊர்களில் கிளை வைக்கும் வங்கிக்கு அத்தனை பங்காளிகள் எங்கே கிடைப்பார்கள்? பெட்டியடிப் பையனுக்கு அவன் அப்பச்சியும் ஊரும் கோயிலும் ஜாமீன். முன்பின் அறியாத ஒருவரை வேலைக்கு வைக்க வேறொரு ஜாமீன் வேண்டும். பட்டம் அந்த இடத்துக்கு வந்தது. 1956இல் ஆயுள் காப்பீடும் 1969இல் 14 பெரிய வங்கிகளும் அரசுடைமையானபின், வணிகவியல் படித்தவர் எந்தச் சாதியாக இருந்தாலும் தேர்வெழுதி உள்ளே போக வழி பிறந்தது. பெண்களுக்கு இது இன்னும் பெரிது. செட்டிநாட்டு ஆச்சிகள் சிறுவாட்டுப் பணத்தை வட்டிக்கு விட்டுக் கணக்குப் பார்ப்பதில் ஆண்களுக்குக் குறைந்தவர்கள் அல்லர்; ஆனால் ஏஜெண்டாக அவர்களை யாரும் கப்பலேற்றவில்லை. 1965இல் கோரிப்பாளையத்தில் மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி வந்தபின், கடை கண்ணி எதுவும் இல்லாத வீட்டுப் பெண்ணுக்கும் பேரேடு எழுதக் கற்கும் இடம் ஒன்று கிடைத்தது.

வகுப்பில் மேலாண்மை அறிஞர்கள் டெய்லரையும் ஃபேயோலையும் ஒப்பிப்பவருக்கு ஒரு மூட்டைப் பருப்பை நட்டமில்லாமல் விற்கத் தெரியாது என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. டெய்லரின் மேலாண்மை நூல் வெளிவந்த 1911இல்தான் மதுரையில் டி.வி.எஸ். நிறுவனம் தொடங்கியது, ஆனால் தேர்வுத்தாளில் டெய்லரைத்தான் கேட்பார்கள். அமெரிக்கன் கல்லூரிக்கு 1978 முதல் தன்னாட்சி உண்டு. பாடத்தை மாற்ற வெளியார் அனுமதிக்குக் காத்திருந்த காலம் போய்விட்டது. ஐந்தொகையும் நடப்பு வட்டியும் பாடத்தில் ஏறினால் மாணவருக்கு டெய்லரும் நன்றாகப் புரிவார். ஆனால் பாடம் பழுதென்பதற்காகப் பிள்ளைகளைக் கடைக்கே அனுப்பலாம் என்பவர்கள், எந்தக் கடை எந்தப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும் என்பதையும் சொல்ல வேண்டும்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. பட்டம் வேலைக்குத்தான் ஆள் சேர்க்கிறது, கடைகள் இன்றும் பழைய குடும்பங்களிடமே இருக்கின்றன என்கிறார்கள். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. மூன்று வருடக் கெடு முடிந்து திரும்பிய ஏஜெண்டுக்குச் சேர்த்த சம்பளம் இருந்தது, நம்பிப் பணம் போட உறவினர் இருந்தார்கள். நாளடைவில் தானே கடை வைத்தவர்கள் உண்டு. விருதுநகர் நாடார்கள் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை பிடித்துப் பொது நிதி சேர்த்து அதில் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். காமராசர் படித்த சத்திரிய வித்யாசாலை அந்த வழியில் நின்றது. பழைய முறை தொழிலைக் கற்றுக்கொடுத்ததோடு, கற்றவன் பின்னால் ஒரு நிதியையும் நிறுத்தியது. கோரிப்பாளையத்தில் பட்டம் வாங்கும் முதல் தலைமுறைப் பிள்ளைக்கு அதே ஐந்தொகை தெரியும். கடைக்கு முதல் போட யாரும் இல்லை. 2024 முதல் பி.பி.ஏ. படிப்பு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் கீழ் வந்துவிட்டது, புதிய மாதிரிப் பாடத்திட்டமும் வந்திருக்கிறது. மகமைக்கு ஈடான எதையும் ஒரு பாடத்திட்டத்தால் கொடுத்துவிட முடியாது. அதைக் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்களிடமும் வங்கிகளிடமும்தான் கேட்க வேண்டும்.