வீடற்ற பெண்களோடு ஆய்வு

தெருவிலோ காப்பகத்திலோ வாழும் பெண்களின் அனுபவத்தை, அவர்களையே பங்காளிகளாக்கி அறியும் சமூக ஆய்வுமுறை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடற்றோரைப் பிப்ரவரி 28 இரவில் எண்ணியது. மதுரை போன்ற நகரங்களில் பாதுகாப்புக்காக மறைவிடம் தேடி உறங்கும் பெண், ஓரிரவுக் கணக்கில் எளிதில் விடுபட்டுப்போவார்.

தமிழ்நாட்டில் இத்தகைய பெண்களோடு பணியாற்றுவதில் ஒரு முன்னோடி, வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993இல் சென்னையில் தொடங்கிய ‘தி பேனியன்’ அமைப்பு. மனநலச் சிக்கலோடு தெருவில் தவித்த பெண்கள், அதன் ‘ஹோம் அகெய்ன்’ திட்டத்தில், மனமொத்தவர்களோடு வாடகை வீட்டில் வாழ்கிறார்கள். 2021இல் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி இதை நல்ல முன்மாதிரியாகச் சேர்த்துக்கொண்டது.

ஒவ்வொரு சந்திப்பிலும் ஒப்புதல் கேட்பது, பதில் மறுத்தாலும் உணவும் படுக்கையும் தடைபடாதிருப்பது, பெயரையும் உறங்குமிடத்தையும் காப்பது, முடிவுகளை முதலில் அந்தப் பெண்களிடமே வாசித்துக்காட்டுவது ஆகியவை இந்த ஆய்வுமுறையின் அடிப்படை நெறிகள்.