டீசல் வண்டியும் சென்னைப் பட்டறைகளும்

விடியுமுன் கோயம்பேட்டுச் சந்தையிலிருந்து காய்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் அடையாற்றுக்கும் விரைகின்ற சிறு சரக்கு வண்டிகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். பிக்கப் என்று வணிகர்கள் வழங்கும் இவ்வண்டிகளில் ஒரு வகைக்குக் 'குட்டியானை' என்று அன்போடு பெயரிட்டிருக்கிறார்கள் நம் மக்கள். புதிய டீசல் வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றவுடன் மாலை சூட்டி, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் கீழ் வைத்து நசுக்கி, அதனை வீட்டில் ஒருவராகவே ஏற்றுக்கொள்ளும் வழக்கமும் நம்மிடையே உண்டு. ஆயினும், வண்டியை வாங்குவதற்குப் பணம் போதும். அதனை வைத்துக் காப்பதற்கு அறிவும் பொறுமையும் வேண்டும். சென்னை நகரில் டீசல் வண்டியின் வரலாறு பெரும்பாலும் அதனைச் செப்பனிட்டுக் காத்தவர்களின் வரலாறேயாகும். அதனையே இங்கு எடுத்துரைக்கக் கருதுகிறேன்.

முதற்கண், அவ்வண்டியின் உயிராக விளங்கும் எஞ்சின் தோன்றிய விதத்தைக் காண்போம். ருடால்ஃப் டீசல் என்பார் 1858ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஜெர்மானியப் பெற்றோருக்கு மகனாகப் பிறந்தவர். அக்காலத்து நீராவி எஞ்சின்கள், தாம் தின்ற நிலக்கரியின் வெப்பத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கை வீணாக்கின. இவ்வீண்செலவைக் குறைக்க வழி உண்டா என்பதே அவருடைய வாழ்நாட் கேள்வியாயிற்று. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதை நாம் யாவரும் அறிவோம். காற்றை அழுத்தினால் அது சூடேறும். பதினாறு, பதினெட்டு மடங்கு அழுத்தினால் 500 பாகை சென்டிகிரேடுக்கும் மேற்பட்ட சூடு பிறக்கும். அந்தச் சூட்டில் எண்ணெயைத் தூவினால், பொறி எதுவும் இன்றி அது தானே பற்றிக்கொள்ளும். இவ்வளவே டீசல் எஞ்சினின் தத்துவம். 1892இல் அவர் உரிமைப் பட்டயத்துக்கு விண்ணப்பித்தார். 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய எஞ்சின் வெப்பத்தில் நான்கில் ஒரு பங்கிற்கு மேல் வேலையாக மாற்றிக் காட்டியது. 1900ஆம் ஆண்டின் பாரிஸ் பொருட்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் வேர்க்கடலை எண்ணெயைக் கொண்டே ஓடியது. அவரோ 1913ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் தேதி இரவு, இங்கிலாந்து நோக்கிச் சென்ற 'டிரெஸ்டன்' என்ற கப்பலிலிருந்து மறைந்துபோனார்.

அவர் படைத்த எஞ்சின் தொடக்கத்தில் சாலையில் ஓடத்தக்கதாய் இல்லை. எண்ணெயைத் தூவுவதற்கே பெரியதொரு காற்றழுத்தி தேவைப்பட்டது. எனவே அது ஆலைகளிலும் கப்பல்களிலுமே பயன்பட்டது. 1920களின் இடைப்பகுதியில் ஜெர்மனியில் டீசல் லாரிகள் தலைகாட்டின. 1927இல் ராபர்ட் போஷ் நிறுவனத்தார் கைக்கு அடக்கமான எரிபொருள் பம்பைப் பெருமளவில் செய்து விற்கத் தொடங்கிய பின்னரே டீசல் எஞ்சின் லாரிக்கும் பஸ்ஸுக்கும் உரியதாயிற்று. இந்தப் பம்பின் உள்ளுறுப்புகள் மிக நுட்பமாக இழைத்துப் பொருத்தப்பட்டவை. அவற்றிடையே ஒரு தூசி புகுந்தாலும் கீறல் விழும். ஒரு துளி நீர் புகுந்தாலும் துரு ஏறும். சிக்கனம் டீசலின் சிறப்பு. தூய்மை அச்சிறப்புக்குரிய விலை.

இனிச் சென்னைக்கு வருவோம். மோட்டார் தோன்றுவதற்கு முன்னரே இந்நகரின் மவுண்ட் ரோடு, அதாவது இன்றைய அண்ணா சாலை, வண்டி கட்டும் தொழிலுக்குப் பெயர் பெற்றிருந்தது. 1840இல் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனம் கனவான்கள் ஏறிச்செல்லும் குதிரை வண்டிகளைக் கட்டியது. அந்நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903ஆம் ஆண்டில் நீராவியால் ஓடும் மோட்டார் வண்டி ஒன்றை இங்கேயே செய்து ஓட்டினார். இரும்படிப்பவரும் தச்சரும் தோல் தைப்பவரும் வண்ணம் பூசுபவரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்த பட்டறைகள் அவை. பிற்காலத்தில் அயல்நாட்டிலிருந்து எஞ்சினும் சட்டமும் கப்பலில் வந்திறங்கியபோது, அவற்றின்மேல் உடல் கட்டவும், பழுதானால் பிரித்துப் பூட்டவும் இங்கே கைகள் ஆயத்தமாக இருந்தன.

அக்கைகளின் திறமைக்குப் பெரும் சோதனையாக இரண்டாம் உலகப் போர் வந்தது. பெட்ரோலுக்குப் பங்கீடு ஏற்பட்டது. வண்டிகள் நின்றுபோகாமல் காக்க, அடுப்புக் கரியை எரித்து அதில் பிறக்கும் வாயுவைக் கொண்டு பஸ்களை ஓட்டினார்கள். 1912இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்ட டி.வி. சுந்தரம் அய்யங்காரின் நிறுவனத்தார் இத்தகைய கரிவாயுக் கலங்களைச் செய்து அளித்தனர். கரிவாயு வண்டி மெதுவாகவே சென்றது, மேட்டில் திணறியது, சாம்பலை அள்ளிக் கொட்டவும் வேண்டியிருந்தது. ஆயினும் தட்டுப்பாடு நம் தொழிலாளிக்கு நல்லாசிரியனாக அமைந்தது. எஞ்சின் என்பது புதிராக மூடிவைத்த பெட்டியன்று, அறிந்து திருத்தத்தக்க ஒரு பொருளே என்னும் துணிவை அக்காலம் அவனுக்கு அளித்தது.

விடுதலைக்குப் பின்னர் மாறுதல்கள் விரைந்து வந்தன. 1947இல் சென்னை அரசாங்கம் நகரப் பஸ்களைத் தானே நடத்தத் தொடங்கியது. 1953இல் டிராம் வண்டிகள் நின்றன. 1948ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் தேதி ரகுநந்தன் சரண் என்பவர் அசோக் மோட்டார்ஸ் என்ற நிறுவனத்தை ஏற்படுத்தினார். அவர் தம் ஒரே மகனின் பெயரையே அதற்குச் சூட்டினார். எண்ணூரில் அமைந்த அத்தொழிற்சாலை முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டித் தந்தது. பின்னர் இங்கிலாந்தின் லேலண்ட் டீசல் வண்டிகளைக் கட்டும் பணியில் இறங்கியது. 1955இல் அசோக் லேலண்ட் என்னும் பெயரைப் பெற்றது.

இதே காலத்தில் எஸ். அனந்தராமகிருஷ்ணன் தலைமையில் இயங்கிய சிம்ப்சன் நிறுவனம், பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்களை இங்கு உருவாக்கும் முயற்சியை மேற்கொண்டது. பெர்க்கின்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகரில் 1932இல் தோன்றியது. அதன் 'பி 6' என்னும் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. பழைய பெட்ரோல் லாரியின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் இதனைப் பொருத்த முடிந்தது. ஓடி ஓய்ந்த வண்டி மறுபிறவி எடுத்தது. உரிமையாளரின் எரிபொருட் செலவும் குறைந்தது. புதிய வண்டிகள் அரிதாயிருந்த காலத்தில், டீசல் எஞ்சின் பல வண்டிகளுக்குள் பட்டறையின் வழியாகவே நுழைந்தது என்பது கருதத்தக்கது. 1951இல் பெங்களூரில் மைகோ நிறுவனம் தோன்றி, பின்னர் எரிபொருள் பம்புகளை இந்நாட்டிலேயே செய்தது. 1960க்கும் 1962க்கும் இடையே பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா என்னும் நிறுவனங்கள் அடுத்தடுத்து எழுந்தன. சக்கரமும் மின்கருவியும் பிரேக்கும் நம் நகரின் எல்லையிலேயே கிடைக்கலாயின.

பெரிய ஆலைகளின் வரலாறு நூல்களில் ஏறிவிடுகிறது. ஆனால், ஜெனரல் பாட்டர்ஸ் சாலையின் உதிரிப்பாகக் கடைகளையும், பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டையையும், சந்துதோறும் உள்ள மெக்கானிக் பட்டறைகளையும் நூல்கள் போதிய அளவு நினைப்பதில்லை. அங்கே சிறுவனாகச் சேர்ந்து, ஸ்பானர் எடுத்துக் கொடுத்து, பின்னர் தலைமை மெக்கானிக்காக உயர்ந்தவர்கள் பலர். டீசலைப் பீச்சும் முனையை 'நாசில்' என்றும், டீசல் குழாயில் காற்று புகுந்தால் 'ஏர் எடுத்துவிட்டது' என்றும் அவர்கள் சொல்வார்கள். அச்சொல்லில் ஒரு பௌதிகப் பாடம் அடங்கியிருக்கிறது. எண்ணெயை அழுத்தினால் அது சுருங்காமல் முன்னே பாயும். காற்றை அழுத்தினாலோ அது சுருங்கிக்கொள்ளும். எனவே குழாயில் சிறிது காற்றிருந்தாலும் பம்பின் உழைப்பு முழுவதும் அதனைச் சுருக்குவதிலேயே கழிந்துபோம், நாசில் திறக்காது. திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழிகள் யாவும் வெளியேறும்வரை காத்திருந்து மீண்டும் முடுக்குவார் மெக்கானிக். டாங்கியில் டீசல் வற்றும்வரை ஓட்டக்கூடாது என்று அவர்கள் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

புதிய நூற்றாண்டில் சிறு சரக்கு வண்டிகளின் காலம் பிறந்தது. 2005இல் டாடா நிறுவனத்தின் 'ஏஸ்' வெளிவந்தது. இரண்டே சிலிண்டர்களும் 16 குதிரைத் திறனும் கொண்ட இச்சிறு டீசல் வண்டியே நம் மக்கள் குட்டியானை என்று அழைத்தது. 2011இல் அசோக் லேலண்டின் 'தோஸ்த்' ஓசூரிலிருந்து வந்தது. 2016இல் சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஸ்ரீசிட்டியில், இசுசு நிறுவனம் பிக்கப் வண்டிகளைச் செய்யத் தொடங்கியது. சரக்குக்காக மட்டுமன்றிக் குடும்பத்தின் பயணத்துக்காகவும் பிக்கப் வாங்குவோர் தோன்றினர். நெடுங்காலம் அரசாங்கம் டீசலின் விலையைத் தாழ்த்தி வைத்திருந்தது. அக்கட்டுப்பாடு 2014 அக்டோபரில் நீங்கியது. எனவே, விலை மலிவு என்பதற்காக மட்டும் டீசலை நாடும் காலம் மெல்ல மறையலாயிற்று.

எஞ்சினும் மாறியது. புதிய டீசல் வண்டிகளில் எல்லா நாசில்களுக்கும் பொதுவான ஒரு குழாயில் எரிபொருள் பேரழுத்தத்தில் காத்து நிற்கிறது. அவ்வழுத்தம் நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்தைப் போல் ஆயிரத்தைந்நூறு மடங்கிற்கும் மேல் உயரக்கூடியது. நாசிலின் துளைகளோ மயிரிழையைவிடச் சற்றே பருத்தவை. எந்நொடியில் எவ்வளவு தூவுவது என்பதைச் சிறு கணிப்பொறி ஒன்று தீர்மானிக்கிறது. ஆகவே, முன்னே சொன்ன தூய்மை இப்போது பன்மடங்கு இன்றியமையாததாயிற்று. டீசல் வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுதல், அதன் அடியில் தேங்கும் நீரை வடித்தல், குறித்த தரமுள்ள எஞ்சின் எண்ணெயையே ஊற்றுதல் ஆகிய மூன்றையும் தவறாது செய்பவனுக்கு வண்டி நெடுநாள் உழைக்கும். வடிகட்டியின் விலையைச் சேமிக்க முயன்றவன் நாசிலின் விலையைக் கொடுக்க நேரும்.

மழைக்காலத்தில் சென்னைவாசிகள் நினைவில் வைக்கவேண்டிய பாடம் ஒன்றும் உண்டு. 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாட்களில் அடையாறு கரைபுரண்டு, கோட்டூர்புரம், சைதாப்பேட்டை முதலிய பகுதிகளில் வீடுகளும் வண்டிகளும் நீரில் மூழ்கின. வெள்ளம் வடிந்தவுடன் வண்டி ஓடுகிறதா என்று பார்க்கச் சாவியைத் திருப்புவது இயல்பே. ஆயின், சிலிண்டருக்குள் நீர் புகுந்திருந்தால் அவ்வொரு திருப்பமே எஞ்சினை அழிக்கப் போதும். காற்று அழுத்தத்துக்கு இடங்கொடுக்கும், நீர் கொடாது. மேலெழும் பிஸ்டன் நீரின்மேல் மோதி நிற்க, அதனைத் தாங்கும் தண்டு வளையும் அல்லது முறியும். மூழ்கிய வண்டியின் பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, இயக்காமல் இழுத்துச் சென்று பட்டறையில் ஒப்படைப்பதே முறை.

இதுவரை சொன்னவை உரிமையாளரின் நன்மையைப் பற்றியவை. இனிச் சொல்வது ஊராரின் நன்மையைப் பற்றியது. டீசல் புகை நுரையீரற் புற்றுநோயை விளைவிக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012இல் ஐயத்துக்கிடமின்றி அறிவித்தது. இந்தியாவில் 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி முதல் 'பாரத் ஆறு' என்னும் கடுமையான புகை விதி நடைமுறைக்கு வந்தது. அதுவரை பத்து இலட்சம் பங்கில் 50 பங்கு வரை கந்தகத்துக்கு இடமிருந்த டீசலில், பின்னர் 10 பங்கே அனுமதிக்கப்பட்டது. புதிய வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டியும் இடம்பெற்றது.

அவ்வடிகட்டி ஒரு நுட்பமான விருந்தாளி. பிடித்த கரி மிகுந்தவுடன் ஏறத்தாழ 600 பாகைச் சூட்டில் அதனைத் தானே எரித்துத் தூய்மை செய்துகொள்ளும். பாண்டி பஜாரின் நெரிசலிலும் மயிலாப்பூர் மாடவீதிகளிலும் நாள் முழுவதும் நின்று நின்று நகரும் வண்டிக்கு அச்சூடு எளிதில் கிட்டுவதில்லை. எச்சரிக்கை விளக்கு எரியும்போது வண்டியைச் சற்று நேரம் நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓட்டிவந்தால், பெரும்பாலும் கரி எரிந்துவிடும். இத்தொல்லைக்கு அஞ்சி வடிகட்டியையே கழற்றி எறிபவர்களும் உண்டு. அது சட்டத்துக்கு மாறானது என்பது ஒருபுறமிருக்க, தன் சில்லறைத் தொல்லையைப் பள்ளிக்கு நடந்துசெல்லும் சிறுவர்களின் மூச்சின்மேல் ஏற்றிவிடுவது எவ்வகையில் நியாயமாகும்? வாடகைக்கு ஓடும் சரக்கு வண்டி முதல் எட்டாண்டுகளில் இரண்டாண்டுக்கொரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெறவேண்டும் என்று விதித்திருப்பது, அதனைப் பராமரிப்பது உரிமையாளரின் சொந்த விவகாரம் மட்டும் அன்று என்பதனாலேயே.

அச்சாணி இல்லாத தேர் ஓடாது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. தேரைச் செய்த சிற்பியைப் போற்றும் நாம், அச்சாணியைப் பார்த்துவைப்பவனையும் போற்றக் கற்க வேண்டும். புதியது புனைவது அறிவு. புனைந்ததைக் காப்பதும் அதற்குச் சிறிதும் தாழாத அறிவு. கரிவாயுக் காலத்துத் தொழிலாளி முதல் கணிப்பொறி கொண்டு பழுதறியும் இளைஞன் வரை, இந்நகரை ஓடச் செய்தவர்கள் அவ்வறிவுடையோரே. இன்று மின்சார வண்டிகள் சாலையில் பெருகிவருகின்றன. அவற்றுக்கும் காப்பாளர் வேண்டும். இதனைக் கேட்கும் மாணவர்களில் சிலர் நாளை வண்டி வாங்கலாம். சிலர் வண்டி செய்யலாம். யாராயினும், வண்டியைக் காக்கும் கையில் படிந்த எண்ணெய்க் கறையை இழிவாக எண்ணாதிருந்தால், இந்நகரின் தொழில் வரலாற்றை உள்ளபடி உணர்ந்தவர்கள் ஆவார்கள்.