குவார்ட்ஸ் கல்லும் எரிவாயுக் கணக்கும்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த என் தலைமுறைக்குக் கியூரி என்றதும் மேரி அம்மையாரும் ரேடியமும்தான் நினைவுக்கு வரும். எரிவாயுக் குழாயில் பொருத்தும் மீயொலி மீட்டருக்கு வித்திட்டவர்கள் அவருடைய கணவர் பியரும், பியரின் அண்ணன் ழாக்கும் என்பது பலருக்குத் தெரியாது.

1880-ல் இச்சகோதரர்கள் குவார்ட்ஸ் போன்ற படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் பிறப்பதைக் கண்டனர். அப்படியானால் மின்சாரம் கொடுத்தால் படிகம் நெளிய வேண்டுமே என்று 1881-ல் கணக்கிட்டுச் சொன்னவர் லிப்மன். சகோதரர்கள் அதையும் சோதித்து நிரூபித்தனர். ஆனாலும் பல ஆண்டுகளுக்கு அதனால் பெரிய பயன் ஏற்படவில்லை.

பயனைக் கொண்டுவந்தது யுத்தம். முதல் உலகப்போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்தபோது, பியரின் மாணவர் பால் லான்ஜவன் 1917-ல் குவார்ட்ஸை எஃகுத் தகடுகளுக்கிடையே வைத்து, காதுக்குக் கேட்காத ஒலியைக் கடலுக்குள் அனுப்பி எதிரொலியைப் பிடித்தார்.

அதே தத்துவம்தான் மீட்டரிலும். குழாயின் குறுக்கே சாய்வாக இரண்டு சென்சார்கள் எதிரெதிரே இருக்கும். ஒன்று பேச, மற்றது கேட்கும். பிறகு முறை மாறும். ஓட்டத்தோடு போகும் ஒலி சீக்கிரம் சேரும், எதிர்த்துப் போவது தாமதிக்கும். அந்த வித்தியாசத்திலிருந்து வாயுவின் வேகம் கிடைக்கும். திடப்பொருளிலிருந்து வாயுவுக்குள் ஒலி எளிதில் இறங்காது. ஆகவே தண்ணீரைவிட வாயுவை இப்படி அளப்பது கடினமாக இருந்தது. 1998-ல் அமெரிக்க வாயுச் சங்கம் தன் 9-ஆம் அறிக்கையில் பல பாதை மீட்டர்களுக்கு விதிமுறை வகுத்தது.

இதில் சுழலும் பாகம் இல்லை; அதனால் கோளாறும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. நின்றுபோன மீட்டர் தன்னையே காட்டிக்கொடுத்துவிடும். ஓடிக்கொண்டே தப்பாகக் காட்டுவதுதான் ஆபத்து. பெரிய குழாயில் நூற்றுக்கு அரை பங்கு பிசகினாலும், விற்பவரோ வாங்குபவரோ நாள்தோறும் நஷ்டப்படுவார்.

கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. அதே நேர அளவுகளிலிருந்து மீட்டர் வாயுவில் ஒலி செல்லும் வேகத்தையும் சொல்லும். வாயுவின் கலவை, அழுத்தம், வெப்பநிலை ஆகியவற்றைக் கொண்டு அதே வேகத்தைத் தனியாகவும் கணக்கிடலாம். இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஒரு பாதை மட்டும் விலகினால் அந்த ஜோடி சென்சாரைப் பார்க்க வேண்டும். எல்லாப் பாதைகளும் சேர்ந்து விலகினால், மீட்டரைக் குறை சொல்வதற்கு முன் வெப்பமானியையும் கலவை அறிக்கையையும் சரிபார்க்க வேண்டும். ஒலிச் சைகை அடிக்கடி தவறினால், அருகிலுள்ள அழுத்தக் குறைப்பு வால்வின் இரைச்சல் காரணமாக இருக்கலாம்.

இந்த ஒப்பீட்டுக்கும் தப்புவது ஒன்று உண்டு. குழாய்ச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு மெல்லப் படிந்தால் உட்பரப்பு சுருங்கும். மீட்டரோ பழைய அளவிலேயே பெருக்கி, அதிகமாகக் காட்டும். ஒலியின் வேகம் அப்போதும் ஏறக்குறையச் சரியாகவே வரும். குழாயைத் திறந்து கண்ணால் பார்த்தால்தான் நிச்சயம்.

பேரேட்டோடு காலம் தள்ளிய குமாஸ்தாவான எனக்கு இது புதிதல்ல. கூட்டுத்தொகை சரியாக வந்துவிட்டாலும், வருஷத்துக்கு ஒருமுறை கிடங்குக்குப் போய் மூட்டைகளை எண்ணத்தான் வேண்டும்.