கடைமடைக்கு வந்த சர்வர்: சென்ட்ஓஎஸ் கதை

சொந்தக் கம்ப்யூட்டர்ல காசு செலவில்லாம ஒரு சர்வர் போடணும், எதைப் போடலாம்? 2004-க்கு அப்புறம் ஒரு பதினஞ்சு வருஷம், இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "சென்ட்ஓஎஸ் போடு, நிம்மதியா இரு." இன்னிக்கு அந்தப் பதிலைச் சொல்ல முடியாது. நடுவுல என்ன ஆச்சுங்கறதுதான் இந்தப் பதிவு. எந்தப் பட்டனை அமுக்கணும்னு படம் போட்டு விளக்குற பதிவு இல்லை, வரலாறு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க மக்களே.

முதல்ல ரெட் ஹேட். 90களின் பிற்பாதியில் நம்ம ஊர்ப் பசங்களுக்கு லினக்ஸ்னாலே கம்ப்யூட்டர் பத்திரிகையோட வர்ற சிடிதான். பிசி குவெஸ்ட் பத்திரிகை அதுக்குப் பேர் போனது. அப்படி வந்தவற்றில் ரெட் ஹேட் லினக்ஸுக்குத் தனி மவுசு. டவுன்லோடும் பண்ணலாம், பக்கத்து வீட்டுக்காரருக்கும் காப்பி போட்டுக் கொடுக்கலாம், யாரும் கேட்க மாட்டாங்க. விண்டோசையும்தான் எல்லாரும் காப்பி அடிச்சாங்க, ஆனா அது திருட்டு. இது உரிமை. இந்த வித்தியாசம்தான் மொத்தக் கதைக்கும் அச்சாணி.

2003 மார்ச்சில் ரெட் ஹேட் லினக்ஸ் 9 வந்தது. அந்த வரிசையில் அதுதான் கடைசி. 2004 ஏப்ரல் 30-ஓடு அதற்கான பராமரிப்பையும் நிறுத்திட்டாங்க. கம்பெனி இரண்டு வழி காட்டுச்சு. காசு கட்டுறவங்களுக்கு ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ், பல வருஷத்துக்கு உத்தரவாதம். காசு கட்டாதவங்களுக்கு ஃபெடோரா, ஏறக்குறைய ஆறு மாசத்துக்கு ஒருமுறை புதுசு. வீட்டுல படம் பார்க்க, பாட்டுக் கேட்க ஃபெடோரா ஓகே. ஆனா சர்வர்ங்கறது ஒருதடவை போட்டா அஞ்சாறு வருஷம் தொடாம ஓடணும். அதுல போய் வருஷா வருஷம் புதுசு மாத்திக்கிட்டு இருக்க முடியுமா?

இங்கதான் எனக்குப் பிடிச்ச கிளைக்கதை வருது. அமெரிக்காவுல லூசியானா மாநிலத்துல டிரிட்டர்னு ஒரு சின்ன ஊர். அங்க இருக்கிற பொது நூலகத்தின் கம்ப்யூட்டர்கள் ரெட் ஹேட்ல ஓடிட்டு இருந்தன. லைசன்ஸ்படி எண்டர்பிரைஸ் லினக்ஸின் மூலநிரலை ரெட் ஹேட் எல்லாரும் எடுக்கிற மாதிரி வெளியில வச்சிருந்தது. நூலகத்துக்காரங்க அதை எடுத்து, ரெட் ஹேட்டின் பேரையும் சின்னத்தையும் நீக்கிட்டு, தாங்களே கம்பைல் பண்ணி ஒயிட் பாக்ஸ் லினக்ஸ்னு விட்டுட்டாங்க. தங்களுக்குச் செஞ்சது, ஊருக்கும் ஆச்சு. ஒரு நூலகம்!

அதே சமயம் அதே வேலையை வேற சிலரும் செஞ்சுட்டு இருந்தாங்க. ஃபெர்மிலேப், செர்ன் ஆய்வகங்கள் சேர்ந்து சயன்டிஃபிக் லினக்ஸ் கொண்டு வந்தது 2004-ல். கிரிகரி கர்ட்சர் தொடங்கின திட்டம் ஒன்றிலிருந்து பிறந்த சென்ட்ஓஎஸ்ஸும் அதே வருஷம்தான். இந்தக் கூட்டத்துல நிலைச்சு ஊர் முழுக்கப் பரவினது சென்ட்ஓஎஸ்.

தமாஷ் என்னன்னா, ரெட் ஹேட் வக்கீல் பிரச்சினைக்குப் பயந்து சென்ட்ஓஎஸ்காரங்க அந்தப் பேரையே எழுத மாட்டாங்க. வட அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு பிரபல லினக்ஸ் நிறுவனம்னு சுத்தி வளைச்சுச் சொல்வாங்க. அந்தக் காலத்துல நம்ம பாட்டிங்க தாத்தா பேரைச் சொல்லாம 'அவுக'ன்னு சொன்ன மாதிரி :-)

இந்த உறவை நம்ம பக்கத்துப் பாஷையில சொல்றது சுலபம். கொள்ளிடத்துல புதுவெள்ளம் வரும், வண்டலும் செத்தையுமா. கீழணையில பிரிஞ்சு வடவாறு வழியா வீராணம் ஏரிக்கு வந்து தங்கும், தெளியும். அப்புறம் மதகு வழியா வாய்க்கால்ல வயலுக்குப் போகும். ஃபெடோரா கொள்ளிடம். எண்டர்பிரைஸ் லினக்ஸ் ஏரி. சென்ட்ஓஎஸ் மதகுக்குக் கீழே ஓடுற வாய்க்கால். கொஞ்சம் தாமதமா வரும், ஆனா தெளிஞ்ச தண்ணி. சேத்தியாத்தோப்புக்காரனுக்கு தலைமடை, கடைமடைன்னு சொன்னா போதும், வேற விளக்கம் வேண்டாம்.

அப்போ இதைக் கம்ப்யூட்டர்ல போடுறதே ஒரு திருவிழா. சென்ட்ஓஎஸ் 4-க்கு நாலு சிடி. பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்த புதுசுல வேகம் 256 கேபிபிஎஸ், அதாவது நொடிக்கு 32 கேபி. ஒரு சிடி 650 எம்பின்னா, லைன் அறுந்து போகாம இருந்தா கிட்டத்தட்ட அஞ்சே முக்கால் மணி நேரம். சில பிளான்ல ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை கணக்கில்லாம இறக்கிக்கலாம். ஆறு மணி நேரம். ஆக ராத்திரிக்கு ஒரு சிடி, நாலு ராத்திரிக்கு ஒரு சர்வர்! டயல்-அப்காரங்க பாடு கேட்கவே வேணாம்.

சிடியைப் போட்டு பூட் பண்ணினா, "சிடி சரியா இருக்கான்னு சோதிக்கட்டுமா"ன்னு முதல்ல ஒரு நீலத்திரை கேட்கும். அவசரத்துல அதைத் தாண்டிட்டா மூணாவது சிடியில போய் நிக்கும். அடுத்து மொழி. பலருக்குத் தெரியாத விஷயம், 2005-ல் வந்த பதிப்பு 4-லேயே ஆதரிக்கப்பட்ட மொழிகள்ல தமிழும் உண்டு. ரெட் ஹேட் 2004-ல் பொதுவுக்கு விட்ட லோகித் எழுத்துருக்களில் தமிழும் இருந்தது. அப்புறம்தான் நெஞ்சு படபடக்குற இடம்: பார்ட்டிஷன். வீட்டுல இருக்கிறது ஒரே ஹார்ட் டிஸ்க், அதுல விண்டோசும் அக்கா கல்யாணப் போட்டோவும் இருக்கும். பூட்டுக்கு 100 எம்பி, ஸ்வாப்புக்கு ரேம் அளவுல ரெண்டு மடங்கு, மிச்சத்துல மத்ததெல்லாம். அப்பாச்சி, மைசீக்வல், பிஎச்பி மூணையும் டிக் பண்ணிட்டா, ஒரு மணி நேரத்துல மேசைக்கு அடியில ஒரு வெப் சர்வர் ரெடி.

காசு கொடுத்து வாங்கினவனும் கிட்டத்தட்ட இதையேதான் ஓட்டினான். பெரிய டேட்டா சென்டர்ல என்ன ஓடுதோ, அதையே சேத்தியாத்தோப்புல ஒருத்தன் பிரிச்சுப் பார்த்துக் கத்துக்கலாம், அதே கமாண்ட், அதே ஃபைல். சின்ன ஊர்லேர்ந்து சர்வர் நிர்வாகி வேலைக்குப் போன எத்தனையோ பேருக்குக் கத்துக்கொடுத்த வாத்தியார் இந்த இலவச சிடிதான். உங்கள்ல சொந்தத் தளம் வச்சிருந்தவங்களும் தெரியாமலே இதுமேலதான் எழுதியிருப்பீங்க. சிபேனல் வச்ச வெப் ஹோஸ்டிங்ல ரொம்ப காலம் சென்ட்ஓஎஸ்தான் ராஜா.

ஆனா விரிசல் முன்னாடியே தெரிஞ்சது. 2009 ஜூலையில் சென்ட்ஓஎஸ் உருவாக்குறவங்க, தங்கள் சகா ஒருத்தருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினாங்க. தளத்தின் டொமைன், நன்கொடைக் கணக்கு எல்லாம் அவர் கையில, ஆளைப் பிடிக்க முடியலைன்னு. சில நாள்ல சமாதானம் ஆயிடுச்சு. உலகம் முழுக்க ஓடுற சர்வர்களோட சாவி ஒரே ஆள் சட்டைப்பையில! அடுத்து பதிப்பு 6. ரெட் ஹேட் விட்டது 2010 நவம்பர், சென்ட்ஓஎஸ் வந்தது 2011 ஜூலை. எட்டு மாசம். சம்பளமில்லாம சில பேர் ராத்திரி முழிச்சுச் செய்யுற வேலைக்கு அதுதான் வேகம்.

அதனால 2014 ஜனவரியில் ரெட் ஹேட்டே சென்ட்ஓஎஸ்ஸைத் தன் குடைக்குள்ள எடுத்து, முக்கியமானவங்களுக்கு வேலையும் கொடுத்தப்ப நிறைய பேர் சந்தோஷப்பட்டாங்க. வாய்க்காலை ஏரிக்காரனே தூர் வாரப் போறான்னா நல்லதுதானே? வாய்க்காலுக்குச் சொந்தக்காரனும் அவனே ஆயிட்டான்ங்கறதை அப்போ ரொம்பப் பேர் யோசிக்கலை. 2018 அக்டோபரில் ரெட் ஹேட்டை 34 பில்லியன் டாலருக்கு வாங்கப் போறதா ஐபிஎம் அறிவிச்சு, அடுத்த வருஷம் ஜூலையில முடிச்சது. 2019 செப்டம்பரில் சென்ட்ஓஎஸ் 8 வந்தது. 2029 வரை ஓடும்னு நம்பி எல்லாரும் மாத்தினாங்க. சயன்டிஃபிக் லினக்ஸ்காரங்ககூட, "இனி தனியா எதுக்கு, சென்ட்ஓஎஸ் 8 போதும்"னு கடையைக் கட்டிட்டாங்க.

2020 டிசம்பர் 8. சென்ட்ஓஎஸ் 8-ன் ஆயுள் 2021 டிசம்பர் 31-ஓடு முடியுதுன்னு அறிவிப்பு. ஏழு வருஷத்துக்கும் மேல ஒரே நாள்ல காணாமப் போச்சு. இனிமே சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் மட்டும்தான். அது ஏரிக்கு முன்னாடி ஓடுற வடவாறு. தண்ணி மோசம்னு சொல்ல மாட்டேன், ஆனா தெளியறதுக்கு முன்னாடியே எடுக்கணும். பழைய பதிப்பு 7 மட்டும் சொன்ன சொல்படி 2024 ஜூன் 30 வரை ஓடி முடிஞ்சது.

ஏமாத்திட்டாங்கன்னு ஊரே கத்துச்சு. நான் என்ன சொல்வேன்னா, லைசன்ஸை எடுத்து வச்சுப் பாருங்க. பத்து வருஷம் பராமரிப்போம்னு அதுல எங்கேயும் இல்லை. அது வாய்வார்த்தை. லைசன்ஸ் கொடுத்தது வேற ஒண்ணு: மூலநிரலை எடுத்துத் திரும்பவும் செஞ்சுக்கற உரிமை. வாய்வார்த்தை போனப்பவும் அந்த உரிமை நின்னுச்சு. அறிவிப்பு வந்த சூட்டோட சூடா அதே கிரிகரி கர்ட்சர் ராக்கி லினக்ஸ் தொடங்கினார், மறைந்த சகா ராக்கி மெகா நினைவா வச்ச பேர். 2021 மார்ச்சில் அல்மாலினக்ஸ், ஜூனில் ராக்கி. அன்னிக்கு நூலகம் செஞ்ச அதே வேலை, மறுபடியும்.

உரிமைக்கும் எல்லை உண்டுன்னு 2023 ஜூனில் தெரிஞ்சது. எண்டர்பிரைஸ் மூலநிரலை இனி வாடிக்கையாளருக்கு மட்டும்தான் தருவோம்னு ரெட் ஹேட் சொல்லிடுச்சு. ஜிபிஎல் லைசன்ஸ், மென்பொருளை யாருக்குக் கொடுக்கிறியோ அவனுக்கு மூலநிரலும் கொடுன்னுதான் சொல்லுது, ஊருக்கெல்லாம் கொடுன்னு சொல்லலை. மதகுச் சாவி ஏரிக்காரன் இடுப்புல. அல்மா, அச்சு அசல் நகலா இருக்கிறதை விட்டுட்டு, அதுல ஓடுறது இதுலயும் ஓடும்ங்கற அளவுக்கு மாறிக்கிச்சு. ராக்கி வேற வழிகள்ல மூலநிரலைச் சேகரிக்குது.

சரி, இன்னிக்கு எதைப் போடலாம்? ரெட் ஹேட் வழி பழகினவங்களுக்கு அல்மாவோ ராக்கியோ, பதிப்புக்குப் பத்து வருஷம். பழைய பெட்டி வச்சிருக்கிறவங்க கவனிங்க, பதிப்பு 10 பழைய பிராசசர்ல ஏறாது, அல்மா மட்டும் அதுக்குத் தனிப் பதிப்பு விடுது. யார் இடுப்புச் சாவியும் வேண்டாம்னா, 1993-லிருந்து தன்னார்வலர்கள் நடத்துற டெபியன் இருக்கு. எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத ஊர்ப் பொது ஏரி. சென்னை சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் இதுமேல கட்டினதுதான். 2011-ல் தமிழக அரசு பசங்களுக்குக் கொடுத்த லேப்டாப்ல விண்டோசோட கூடவே இருந்ததே, அதேதான்.

எதைப் போட்டாலும், பார்ட்டிஷன் பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேட்டுக்கங்க: இதோட மதகுச் சாவி யார்கிட்ட இருக்கு? விலை என்னங்கறதை அப்புறம் பார்த்துக்கலாம்.

சென்ட்ஓஎஸ் 8-லிருந்து நீங்க எங்க தாவினீங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க.