நொதிக்காத திராட்சை ரசம்

சிவப்பு ஒயினுக்கு மாற்றாகப் பயன்படும், ஆல்கஹால் இல்லாத திராட்சைச் சாறு. பிழிந்த சாற்றைச் சும்மா வைத்தாலே, பழத்தோலில் இருந்து வரும் ஈஸ்ட் அதன் சர்க்கரையை ஆல்கஹாலாக்கத் தொடங்கிவிடும். சில நாளில் நுரை கட்டும். இதைத் தடுத்து, சாற்றை விற்பனைக்குக் கொண்டுவந்தவர் தாமஸ் பிராம்வெல் வெல்ச். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் வைன்லாந்து ஊரின் பல் மருத்துவர். மதுவிலக்கில் பிடிவாதமான மெதடிஸ்ட் கிறிஸ்தவர். 1869இல் கான்கார்ட் வகைத் திராட்சையைப் பிழிந்து வடிகட்டி, பாட்டிலில் அடைத்து, பாட்டிலோடு வெந்நீரில் சூடாக்கினார். ஈஸ்ட் செத்தது, சாறு நொதிக்கவில்லை. ஒயின் கெடாமலிருக்க லூயி பாஸ்டர் சொன்ன முறை, ஒயினே உருவாகாமலிருக்கப் பயன்பட்டது வேடிக்கைதான்.

தேவாலயத் திருவிருந்தில் ஒயினுக்குப் பதிலாக என்று விற்றார், சபைகள் அவ்வளவாக வாங்கவில்லை. மகன் சார்லஸ்தான் 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அதைப் பிரபலமாக்கினார். 1913இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், பிரிட்டிஷ் தூதருக்கான விருந்தில் ஒயினுக்குப் பதில் திராட்சைச் சாறு பரிமாற, பத்திரிகைகள் கேலி செய்து தீர்த்தன.

சிவப்பு ஒயினோடு நிறம் ஒத்தாலும், நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு குறைவு, இனிப்பு தூக்கல். ஆறவைத்த கடுந்தேநீரைக் கொஞ்சம் கலந்தால் அந்தக் குறை ஓரளவு தீரும்.