ஏடுகள் நடத்திய எழுத்துப் பள்ளி

ஊரிலிருக்கும் தாய்க்குக் கடிதம் எழுத வேண்டும். ஆனால் எழுதத் தெரியாது. மலாயாத் தோட்டங்களில் பால்மரம் சீவிய நம் முன்னோர் பலரின் நிலை ஒரு காலத்தில் இதுவாகவே இருந்தது. அவர்கள் தோட்டப் பள்ளி ஆசிரியரையோ கிராணியையோ நாடிச் செல்வர். அவர்கள் சொல்லச் சொல்ல, எழுதத் தெரிந்தவர் எழுதுவார். சம்பளம், நோய், பிள்ளைப்பேறு, ஊர்க்கடன் எல்லாம் பிறர் கைவழியாகவே கப்பலேறின. தன் துயரத்தில் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்பதையும் பிறர் முன்னிலையிலேயே முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஆகவே, அன்றாட எழுத்து என்பது தேர்வுக்குரிய திறன் மட்டுமன்று. அது ஒருவனது மானத்தோடு தொடர்புடையதுமாகும்.

அத்தகைய சமுதாயம் பின்னாளில் எழுத்தாளர்களையும் ஆசிரியர்களையும் தன்னுள்ளிருந்தே தோற்றுவித்தது எங்ஙனம்? பள்ளிக்கூடம் எழுத்தறிவைத் தந்தது உண்மை. ஆயினும், எழுத்துப் பழக்கத்தை வளர்த்தவை செய்தி ஏடுகளே. அவ்வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

1887ஆம் ஆண்டு இவ்வட்டாரத் தமிழ் எழுத்துக்கு ஒரு திருப்புமுனையாகும். யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதரின் ‘சிங்கை நகர் அந்தாதி’ சிங்கப்பூரில் அச்சேறியது அவ்வாண்டில்தான். சி. கு. மகுதூம் சாயபு அவர்கள் ‘சிங்கைநேசன்’ வார ஏட்டைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். ஒன்று மரபு வழிவந்த செய்யுள். மற்றொன்று செய்தி சொல்லும் உரைநடை. அந்தாதி பாடப் புலமை வேண்டும். கப்பல் வரவையும் கடைத்தெருச் செய்தியையும் எழுதத் தெளிவு வேண்டும். அந்தத் தெளிவான உரைநடைக்கு ஆறுமுக நாவலர் (1822–1879) தம் பாலபாடங்களாலும், நிறுத்தக் குறிகளை முறையாகக் கையாண்டதாலும் முன்னரே பாதை வகுத்திருந்தார். ‘சிங்கைநேசன்’ 1890 வரை நடைபெற்றது. குறுகிய வாழ்வே எனினும், அன்றாட வாழ்வைத் தமிழில் எழுதலாம் என்பதை அது மெய்ப்பித்தது.

பின்னர் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி அமைத்தல் வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளிகள் தோன்றின, ஆயினும் அவற்றுட் பல ஒரே கொட்டகையில், ஒரே ஆசிரியரோடு இயங்கின. தொடக்கக் கல்வியோடு பெரும்பாலான பிள்ளைகளின் படிப்பு முடிந்தது. கற்ற எழுத்தைப் பயன்படுத்த இடமில்லையெனில், அது சில ஆண்டுகளில் கையை விட்டு நழுவிவிடும் அன்றோ?

அவ்விடத்தை அளித்தவை நாளிதழ்கள். 1924இல் கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ தோன்றியது. 1935இல் சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ தோன்றியது. வாங்கிப் படித்தவர் ஒருவர். கேட்டு மகிழ்ந்தவர் பலர். கேட்டவர்களுள் சிலருக்குத் தாமும் எழுதலாமே என்னும் எண்ணம் எழுந்தது. ஆனால் எண்ணம் மட்டும் எழுத்தாகிவிடாது. எழுதியதைப் படித்துக் குறை சொல்ல ஒருவர் வேண்டும்.

1950ஆம் ஆண்டில் அந்தக் குறையைத் தீர்க்க முன்வந்தவர்கள் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ஆவர். ‘தமிழ் நேச’னில் அவர்கள் நடத்திய ‘கதை வகுப்பு’ மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றில் என்றும் நினைக்கத்தக்கது. கதை எழுதுவது எவ்வாறு என்று ஏட்டின் வழியாகவே பாடம் நடந்தது. வாசகர் எழுதி அனுப்பினர். அவர்தம் எழுத்து மதிப்பிடப்பட்டது. கட்டணமும் கட்டடமும் இல்லாத வகுப்பு அது. அதிற் பயின்றோர் பலர் பிற்காலத்தில் எழுத்தாளராக விளங்கினர். 1952இல் தமிழகத்திலிருந்து வந்து ‘தமிழ் நேச’னில் பொறுப்பேற்ற கு. அழகிரிசாமி, 1957 வரை இங்குத் தங்கி, இளம் எழுத்தாளர்களோடு நேரில் கலந்து பழகி ஊக்கமளித்தார்.

அதே காலத்தில், ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி மாணவர்களுக்கெனவே ‘மாணவர் மணிமன்ற’த்தை ஏற்படுத்தினார். தோட்டத்துப் பிள்ளையும் பட்டணத்துப் பிள்ளையும் அங்கே ஒரே பக்கத்தில் சந்தித்தனர். தம் பெயரை அச்சிற் கண்ட பிள்ளை அடுத்த வாரமும் எழுதத் தூண்டப்பட்டதில் வியப்பில்லை. அந்த ஆர்வமே பின்னர் ஊர்தோறும் இளைஞர் மணிமன்றங்களாகக் கிளைத்தது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? எழுதுவோன், படிப்போன், திருத்துவோன் ஆகிய மூவரும் கூடும் இடத்தில்தான் எழுத்து வளர்கிறது. இம்மூவருள் ஒருவர் இல்லையெனினும் வளர்ச்சி தடைப்படும். இன்றைய வகுப்பறையில் எழுதுவோன் இருக்கின்றான். திருத்துவோரும் சிவப்பு மையோடு இருக்கின்றார். ஆனால், படிப்போன் இருக்கின்றானா? யாருக்காக எழுதுகிறோம் என்றறியாத மாணவன், மனப்பாடம் செய்த அலங்காரச் சொற்றொடரை நாடுகின்றான்.

சுற்றுலாவைப் பற்றி எழுதச் சொன்னால், “செங்கதிரோன் தன் பொற்கதிர்களைப் பரப்பிய இனிய காலை வேளையில் யாம் களிப்புடன் புறப்பட்டோம்” என்கின்றான். அன்று மழை பெய்திருந்தாலும் கதிரோன் எழத் தவறுவதில்லை! “சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பேருந்து புறப்பட்டது. மழை பெய்ததால் சாளரங்களை மூடிக்கொண்டோம்” என்று எழுதினால், படிப்போர் கண்முன் பேருந்து தோன்றுகின்றது. முன்னது எவருடைய பயணமாகவும் இருக்கலாம். பின்னது அவன் சென்ற பயணம்.

எனவே, மாணவர்கள் நாள்தோறும் பத்து வரியேனும் எழுதுக. ஒரு குறிப்பிட்ட ஆளை மனத்தில் இருத்தி எழுதுக: பாட்டிக்கு ஒரு கடிதம், நண்பனுக்கு ஒரு விளக்கம், நூலகத்திற்கு ஒரு வேண்டுகோள். எழுதியதை உரக்கப் படித்துப் பார்க்க. மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை முறிக்க. ஆசிரியர்களோ எல்லாப் பிழைகளையும் ஒருங்கே சுட்டி மாணவனை அஞ்சச் செய்யாமல், இவ்வாரம் சந்திப்பிழை, அடுத்த வாரம் எழுவாய் பயனிலை இயைபு என ஒவ்வொன்றாகத் திருத்தலாம். திருத்தியதை மீண்டும் எழுதச் செய்தல் இன்றியமையாதது. நல்லவற்றைச் சுவரேட்டில் ஒட்டுக. அதுவே அவ்வகுப்பின் மணிமன்றம்.

‘தமிழ் நேசன்’ 2019இல் தன் பணியை நிறுத்திக்கொண்டது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் திறந்திருந்த ஒரு பள்ளியின் கதவு அன்று மூடியது. அது செய்த பணியை ஏற்கவேண்டிய கடமை இப்போது வகுப்பறைக்கும் வந்து சேர்ந்திருக்கின்றது.

கடிதம் எழுதித் தருமாறு பிறர் வாயிலில் காத்துநின்றவர்களின் பெயரப்பிள்ளைகள் நாம். நம் மனத்தில் உள்ளதை நம் கையாலேயே, நம் தாய்மொழியிலேயே தெளிவாக எழுதுவோமாயின், அவர்கள் சொல்லாமல் விட்டவற்றையும் ஒருநாள் எழுதிவிடலாம்.